வாசலில் வந்து நின்றவள்

அவள் எதையும் கேட்கமாட்டாள். வந்து நிற்பாள், ஒரு வசனம் சொல்லுவாள், காரியம் நடந்துவிடும். என் வீட்டில் இரண்டு வருடம் குடியிருந்தாள். ஒரு நாளாவது “இதைச் செய்யலாமா அன்ரி?” என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் அவளைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது. அந்த ஒரு கேள்விதான் எனக்கு அவளிடமிருந்து வேண்டியிருந்தது. வாடகையை ஒழுங்காகத் தந்தாள், முற்றம் கூட்டினாள், தண்ணீர் மோட்டரைத் திருத்தினாள். அதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை.

வீடு ஓர்ஸ் ஹில்லில், அப்பா கட்டியது. விறாந்தையில் இருந்து பார்த்தால் உள்துறைமுகத்தின் ஒரு துண்டு தெரியும். முன்பக்கம் பெரிய ஹோலும் நாலு அறையும். பின்பக்கம் நான் இருக்கிற இரண்டு அறையும் குசினியும். கேற் ஒன்றுதான், இரண்டு பேருக்கும் பொது. பிள்ளைகள் கனடாவில். முன்வீடு பூட்டிக் கிடந்து கறையான் பிடிக்க வேண்டாமென்று வாடகைக்கு விட்டேன்.

பார்க்க வந்த அன்று அவள் ஹோலின் நடுவில் நின்று நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். “முப்பது பேர் இருந்து சாப்பிடலாம்” என்றாள். அவ்வளவுதான். வீடு தருவீர்களா என்று கேட்டது பின்னால் நின்ற அவள் புருஷன். சிவப்புத் தாடி, மெல்லிய குரல், நான் கை கொடுக்கப் போனபோது தன் கையை நெஞ்சில் வைத்துத் தலை குனிந்த மனிதர். யூதர்களின் மதகுரு, ரபி என்பார்கள். உப்புவெளிக் கடற்கரைக்கு வரும் தங்கள் நாட்டு இளைஞர்களுக்காக ஒரு சமூக நிலையம் நடத்தப் போவதாகவும், தொழுகையும் தங்கள் முறைப்படியான சாப்பாடும் அங்கே கிடைக்கும் என்றும் விளக்கினார். பேருக்குத்தான் அவர் குரு. நிலையத்தை நடத்தியது அவள். முப்பத்தைந்து வயது இருந்தால் அதிகம். ஐந்து பிள்ளைகள். தலைமயிர் வெளியே தெரியாமல் எப்போதும் ஒரு நீலத்துணி இறுக்கிக் கட்டியிருப்பாள். எங்களுக்குள் பேச்சு இங்கிலிஷில்தான். இங்கே நான் எழுதுவது என் தமிழில்.

குடிவந்த அன்றே டிரில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அப்பாவின் தேக்குமர நிலைகளில் ஓட்டை போட்டு, ஒவ்வொரு வாசலிலும் விரல் நீளத்தில் ஒரு சின்னப் பேழையைச் சாய்வாக முடுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

“ஓட்டை போட முதல் என்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?” என்றேன்.

“ஒவ்வொரு வாசலுக்கும் வேணும் அன்ரி” என்றாள், நான் கேட்டதற்கு அதுதான் பதில் என்ற மாதிரி.

உள்ளே வேதவசனம் எழுதிய தோல் இருக்கிறதாம். போகும்போதும் வரும்போதும் பிள்ளைகள் அதைத் தொட்டு விரலை முத்தமிடுவார்கள். வேதவசனத்தோடு எனக்குக் கோபம் இல்லை. நிலை என் அப்பாவுடையது. நான் ஆயுள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். மேசையில் கிடக்கிற சோக்குத் துண்டைக்கூடக் கேட்டு எடுக்கப் பழக்கியவள். எனக்கு இப்படி ஒரு ஆள் வந்து வாய்த்தாள்.

வெள்ளிக்கிழமைகளில் பொழுது சாய ஓட்டோ ஓட்டோவாக இளைஞர்கள் வந்து இறங்குவார்கள். அவள் மெழுகுதிரி கொளுத்திக் கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்பாள். பிறகு ஹோல் அதிரும். மேசையில் தட்டிப் பாடுவார்கள். அவள் யாருக்கும் கட்டளை போட்டு நான் காணவில்லை. “நாலு பேர் நிக்கினம்” என்பாள், கதிரை வரும். “அந்த மூலையில பாண் இல்லை” என்பாள், பாண் போகும். புருஷன் பிரசங்கம் நீண்டுபோனால் “சூப் ஆறுது” என்பாள், அந்த மனிதர் கடவுளைப் பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். சொந்தப் பிள்ளைகள் ஐந்தும் விருந்தாளிகளின் இடுக்குகளில் நெருங்கி இருந்து சாப்பிடும். அந்தக் குடும்பம் தனியாக இருந்து ஒரு நேரம் சாப்பிட்டதை இரண்டு வருடத்தில் நான் பார்த்ததில்லை.

வந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை, பொழுதுபட்டு இரண்டு மணித்தியாலம் இருக்கும். முன்வீட்டில் கரண்ட் போய்விட்டது. என் பக்கத்தில் இருந்தது. அவள் வந்து என் குசினி வாசலில் நின்றாள்.

“அன்ரி, எங்கட வீடு இருட்டாக் கிடக்கு.”

“ஓம், இங்க இருந்தே தெரியுது.”

அவள் போகவில்லை. “முப்பது பேர் இருக்கினம்” என்றாள்.

“இருக்கட்டும். மெழுகுதிரி கொளுத்தினனீங்கள்தானே?”

“அது எரிஞ்சு முடியப்போகுது.”

நான் மீனைக் கழுவிக்கொண்டே இருந்தேன். இவளுக்கு என்னதான் வேண்டும்? ட்ரிப் சுவிட்ச் அவர்களின் விறாந்தையில்தான் இருக்கிறது, விரலால் தட்டினால் மேலே போகும். கடைசியில் அவளுடைய சின்னவன் அங்கே அழத் தொடங்கினான். கையைத் துடைத்துக்கொண்டு போய்த் தட்டிவிட்டேன். ஹோல் முழுக்கக் கைதட்டியது. அவள் என்னைப் பார்த்து நன்றி என்றுகூடச் சொல்லவில்லை. “வெளிச்சம் வந்திட்டுது” என்று சொல்லிவிட்டுச் சூப் ஊற்றப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை புருஷன் வந்து விளக்கினார். வெள்ளி பொழுதுபட்டால் சனி பொழுதுபடும் வரை அவர்கள் விளக்குப் போடக் கூடாது. வேறு ஆளிடம் போடச் சொல்லிக் கேட்கவும் கூடாது. ஆனால் இருட்டாக இருக்கிறது என்று சொல்லலாம். அதைக் காதில் கேட்ட ஆள் தானாக விரும்பிச் செய்தால் அது வேறு.

“அப்ப நான் விரும்பிச் செய்தனான் எண்டு எழுதி வச்சாச்சோ?” என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவரைக் கேட்டால் அவர் இல்லை என்றும் சொல்லலாம். கேட்காமல் வாசலில் வந்து நின்றால் இல்லை என்று சொல்ல இடமே இல்லை. அது ஒரு நாளைய சட்டம்; அவள் அதை ஏழு நாளும் நடத்தினாள். திங்கட்கிழமை “மாங்கொப்பு கம்பியில முட்டுது” என்பாள், செவ்வாய்க்கிழமை கொப்பு இருக்காது.

உதவியையும் அப்படித்தான் செய்வாள். ஒரு காற்றில் என் அறைக் கூரைத் தகடு ஒன்று கிளம்பிவிட்டது. தச்சரைக் கூப்பிட நினைத்திருந்தேன், யாருக்கும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் கூரைமேல் சப்பாத்துச் சத்தம். தடதடவென்று ஐந்தாறு பேர். எனக்கு எந்த வருடம் என்பதே மறந்துவிட்டது. கட்டிலுக்குக் கீழே போய்விட்டேன். அறுபத்தெட்டு வயதில், என் சொந்த அறையில், கட்டிலுக்குக் கீழே. பிறகு அவளுடைய குரல் கேட்டது. வெளியே வந்தால் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

“ஆர் உங்களை ஏறச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை அன்ரி. கூரை ஒழுகுது. ஆள் கேக்க முதலே செய்யிறதுதானே நல்லது.”

கூரை இன்றைக்கும் ஒழுகவில்லை. ஏறியவர்கள் அவளுடைய மேசையில் சாப்பிடுகிற பெடியன்கள். அவர்களில் பலர் தங்கள் நாட்டு இராணுவத்தில் சேவை முடித்துவிட்டு நேரே கடலுக்கு வந்தவர்கள். அதை எனக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. சுவருக்கு முதுகைக் கொடுத்து, வாசலைப் பார்த்து உட்காருகிற இளைஞர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

அவளுக்கும் எனக்கும் நேருக்கு நேர் ஒரு வாதம் நடந்ததென்றால் அது வாழைப்பழத்தால். சின்னவன் காலையில் என் குசினிக்கு வந்து குலையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். நான் அவனுக்குத் தமிழில் கேட்கப் பழக்கினேன். “பழம் தாங்கோ அன்ரி” என்பான், கொடுப்பேன். அழகாகக் கேட்பான். ஒரு நாள் தாய் கண்டுவிட்டாள்.

“பிள்ளையைக் கேக்க வைக்காதேங்கோ அன்ரி.”

“ஏன்? கேட்டு வாங்கினால் வாய் தேய்ஞ்சு போயிடுமோ?”

“எங்கட மேசையில ஆரையும் கேக்க வைக்கிறேல்லை. கேக்கிற ஆளுக்கு வெக்கம். அவையின்ர முகத்தைப் பாத்து முதலே குடுத்திட வேணும்.”

“முகத்தைப் பாத்து எல்லாம் தெரியுமோ உங்களுக்கு?”

“பழகினால் தெரியும்” என்றாள். இவ்வளவு நாள் என் முகத்தைப் பார்த்தும் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதை அப்போது நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர்கள் நாட்டுப் பக்கம் யுத்தம் பெருத்தது. சந்திக் கடைக்காரர் கிண்ணியா முஸ்லிம். நல்ல மனிதர், எதையும் கேட்டுவிட்டுத்தான் பேசுவார்.

“ரீச்சர், ஒரு கத கேக்கலாமா? ஒங்கட ஊட்டுல இரிக்கிறவங்க எப்ப போவாங்க? சாமான் வாங்க வந்தா நான் இல்லண்டு சொல்லமாட்டன், புள்ளகுட்டிக்காரி. ஆனா நம்மட ஆக்களுக்கு மனசு கொதிச்சுப் போய் இரிக்கி.”

தன் போனைக் காட்டினார். காசாவில் ஒரு தகப்பன், கையில் தூசி படிந்த ஒரு பிள்ளை. நேரே அவளிடம் போனேன். குசினியில் கரட் சீவிக்கொண்டிருந்தாள்.

“அங்க சின்னப் பிள்ளையள் சாகுதுகள். நீங்கள் என்ன சொல்லுறியள்?”

அவள் தலை நிமிரவில்லை. “என்ர தம்பி அங்க நிக்கிறான் அன்ரி. அவனிட்டையிருந்து ஒரு கதையும் இல்லை” என்றாள். கரட் சீவுவதை நிறுத்தவும் இல்லை. நான் எந்தப் பதிலை எதிர்பார்த்துப் போனேன் என்று தெரியாது. இது அந்தப் பதில் இல்லை. நான் திரும்பி வந்துவிட்டேன்.

ஒரு கிழமைக்குள் மதிலில் யாரோ கறுப்புப் பெயின்றால் கெட்ட வார்த்தை எழுதிவிட்டுப் போனார்கள். அவளும் பிள்ளைகளுமாக அதைத் தேய்த்துக் கழுவினார்கள். எனக்கும் அது பிடிக்கவில்லை. ஐந்து பிள்ளைகள் இருக்கிற வீட்டு மதிலில் எழுதுகிற வீரம் என்ன வீரம்? வாளியில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போதுதான் அவள் சொன்னாள்: “நாளையிலயிருந்து கேற்றில பொலிஸ் நிக்கும் அன்ரி.”

கேட்கவில்லை. சொன்னாள்.

மறுநாள் என் கேற்றில் மண்மூட்டை அடுக்கினார்கள். ஒரு பிளாஸ்டிக் கதிரை, துவக்கோடு ஒரு பொலிஸ்காரன். சந்தைக்குப் போய் மரக்கறிப் பையோடு திரும்பி வந்தபோது அவன் எழும்பி நின்று மரியாதையாகத்தான் என் அடையாள அட்டையைக் கேட்டான். மீசை இன்னும் சரியாக முளைக்காத பிள்ளை. என் அப்பா போட்ட கேற். பையைக் கீழே வைத்துவிட்டு அட்டையைத் தேடி எடுத்துக் காட்டிவிட்டு என் வீட்டுக்குள் போனேன்.

இதை எழுதாமல் விட்டால் அவள்மேல் எனக்கு ஏன் அவ்வளவு வெறுப்பு என்று விளங்காது. எனக்கு ஒரு தம்பி இருந்தான். யுத்த காலத்தில் ஒரு பின்னேரம் மண்ணெண்ணெய் வாங்கச் சைக்கிளில் போனவனை இந்த ரோட்டின் அடிவாரத்தில் இருந்த ஆமிக் காவலரணில் மறித்தார்கள். அங்கேயும் மண்மூட்டைதான். அவன் திரும்பி வரவில்லை. நான் போய்க் கேட்டேன். அந்தக் காவலரணில் கேட்டேன், முகாம் வாசல்களில் கேட்டேன், கந்தோர் கந்தோராகக் கேட்டேன். அம்மா சாகும்வரை என்னைக் கேட்டாள், நான் மற்றவர்களைக் கேட்டேன். கேட்டவர்களில் ஒருவராவது பதில் சொல்லவில்லை. யுத்தம் முடிந்து மூட்டைகளை அள்ளிக்கொண்டு போன அன்று, இனிச் சாகும்வரை ஒரு துவக்கைத் தாண்டாமல் என் வீட்டுக்குள் போய் வருவேன் என்று நினைத்தேன். அதை அவள் ஒரு வசனத்தில் இல்லாமல் பண்ணிவிட்டாள்.

இனி வீடு தர ஏலாது, சீசன் முடிய வெளிக்கிடுங்கோ என்று அந்தக் கிழமையே சொல்லிவிட்டேன். இருக்க விடுங்கோ என்று கேட்பாள் என்று பார்த்தேன். ஐந்து பிள்ளைகள், வேறு வீடு இந்த ஊரில் யார் கொடுப்பார்கள்? “எங்கட பெரிய விரதம் முடியப் போறம்” என்றாள். அந்தப் பொலிஸ்காரனுக்கு அவள் தினமும் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தாள், அவனும் கேட்டிருக்கமாட்டான்.

விரதத்துக்குச் சில நாள் இருக்கும்போது ஒரு காலையில் என் குசினி வாசலில் வந்து நின்றாள். வீட்டு விஷயம்தான், வரட்டும் என்று இருந்தேன்.

“அன்ரி, நான் உங்களுக்கு ஏதும் பிழை விட்டிருந்தால் என்னை மன்னிக்க வேணும். கேக்கிறன்.”

நான் திகைத்துவிட்டேன். விரதத்துக்கு முன் யார் யாருக்குப் பிழை செய்தார்களோ அவர்களிடம் நேரே போய்க் கேட்க வேண்டுமாம். கடவுளுக்குச் செய்ததைக் கடவுள் மன்னிப்பார். மனிதருக்குச் செய்ததை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும், கடவுள் அதில் தலையிடமாட்டார் என்றாள்.

“என்ன பிழை செய்தனீங்கள்?”

“எனக்குத் தெரியாது. தெரியாமல் செய்ததையும் சேர்த்துத்தான் கேக்கிறன்.”

“தெரியாமல் கேக்கிறதை நான் என்னெண்டு மன்னிக்கிறது? ஏலாது” என்றேன்.

நான் நியாயமாகத்தான் சொன்னேன். இன்றைக்கும் அதையே சொல்லுவேன்.

அடுத்த நாள் திரும்ப வந்தாள். யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். நிலையில் போட்ட ஓட்டை, வெட்டின மாங்கொப்பு, வெள்ளிக்கிழமைப் பாட்டு, கூரையில் ஏறியது, வாழைப்பழத்துக்கு வாதாடியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். எல்லாம் கவனித்துத்தான் இருந்திருக்கிறாள். ஒன்றே ஒன்று அதில் இல்லை. நான் காத்திருந்தேன். “இவ்வளவுந்தான் அன்ரி” என்றாள்.

“இல்லை” என்றேன்.

அவளை அப்படி நிற்கவைத்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது? இரண்டு வருடம் கேட்காமல் இருந்தவள் என் வாசலில் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். இன்னும் கேட்கட்டும் என்றிருந்தது.

மூன்றாம் தரம் தனியே வரவில்லை. புருஷனையும் மேசையில் சாப்பிடுகிற இரண்டு பெடியன்களையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். என் பக்க விறாந்தையில் நாலு பேரும் நின்றார்கள். கேற்றில் பொலிஸ்காரன் என்னவோ ஏதோவென்று இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவளுடைய கண் வீங்கியிருந்தது.

“அன்ரி, நான் நல்லா யோசிச்சுப் பாத்திட்டன். எனக்குப் பிடிபடேல்லை. நான் என்ன செய்தனான்? நீங்கள்தான் சொல்ல வேணும். உங்களைக் கேக்கிறன்.”

கேட்டாள். என் முகத்தைப் பார்த்து, அவள் எப்படிக் கேட்க வேண்டும் என்று நான் இருந்தேனோ அப்படியே கேட்டாள். தம்பியின் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அவளுக்குப் பின்னால் அந்த இரண்டு பெடியன்களும் கையை முதுகில் கட்டி, தோளை நிமிர்த்தி நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் கேற், மண்மூட்டை, துவக்கு. இவர்களுக்கு முன்னால் அவனுடைய பெயரைச் சொல்ல என்னால் முடியவில்லை. அவள் தனியே வரட்டும், கதிரையில் இருத்திச் சொல்லுவேன் என்று நினைத்தேன்.

“இன்னும் யோசிச்சுப் போட்டு வாங்கோ” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். “நல்லது அன்ரி” என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. ஒரு வேலையை முடித்த ஆளின் குரல். எனக்கு அப்போது அது விளங்கவில்லை.

விரதத்துக்கு முந்தின பின்னேரம் முழுக்கக் குசினி வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். சொல்ல வேண்டியதை இங்கிலிஷில் அடுக்கியும் வைத்திருந்தேன். எனக்கு ஒரு தம்பி இருந்தவன், இந்த ரோட்டால்தான் போனவன், உங்களுக்கும் ஒரு தம்பி இருக்கிறான், ஆனபடியால் உங்களுக்கு விளங்கும் என்று தொடங்குவதாக. அவள் வரவில்லை. விரதம் முடியட்டும், வருவாள் என்றிருந்தேன். விரதமும் முடிந்தது. பெட்டிகள் கட்டினார்கள், நிலைகளில் இருந்த பேழைகளைக் கழற்றினார்கள், வான் வந்தது.

வீட்டைப் பூட்டித் திறப்புகளைக் கொண்டுவந்தது புருஷன்.

“அவ எங்க?”

“பிள்ளையளோட வானில இருக்கிறா அன்ரி.”

“நான் இன்னும் அவவுக்குப் பதில் சொல்லேல்லையே. இன்னொருக்கா வருவா எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறன்.”

அவர் சங்கடப்பட்டார். தாடியைத் தடவினார். “மூண்டு தரம் கேக்க வேணும் எண்டுதான் எங்கட முறை. மூண்டு தரமும் மன்னிக்காட்டில் அதுக்கு மேல கேக்கத் தேவையில்லை. அவவுக்கு இனிப் பாரம் இல்லை அன்ரி” என்றார்.

“அப்ப நான்?” என்று கேட்டேன்.

அந்த மனிதர் கையை நெஞ்சில் வைத்துத் தலை குனிந்தார். திறப்புகளை மேசையில் வைத்துவிட்டுப் போனார். வான் போய்ச் சற்று நேரத்தில் பொலிஸ்காரர் வந்து மண்மூட்டைகளை லொறியில் ஏற்றினார்கள். இப்போது யாருக்கும் அட்டை காட்டாமல் என் வீட்டுக்குள் போய் வருகிறேன். அடுக்கி வைத்த அந்த இங்கிலிஷ் வசனங்கள் எல்லாம் இன்னும் எனக்குப் பாடம். சில பின்னேரங்களில் குசினியில் நின்று அவற்றைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.